ரெவிட்: பிளம்பிங் ஃபிக்ஸ்சர் டேக்கில் கேள்விக்குறி, ஷெட்யூலில் எண்ணிக்கை இரண்டு மடங்கு. உதவி தேவை

பீளமேட்டு_மாடலர் எழுதியது:

வணக்கம். கோவையில் ஒரு சிறிய அலுவலகத்தில் ஒன்றரை வருடமாக, ரெவிட் என்ற கட்டட மாடல் மென்பொருளில் பிளம்பிங் மாடலிங் செய்கிறேன். இப்போது கையில் இருப்பது அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம், ஐபிசி (சர்வதேச பிளம்பிங் விதித்தொகுப்பு) விதிப்படி. இதுவரை ஃபிக்ஸ்சர் ஷெட்யூல் (கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின் போன்றவற்றின் அட்டவணை) என்றால் பழைய வேலையிலிருந்து அட்டவணையை எடுத்து மாடலோடு தொடர்பில்லாத டிராஃப்டிங் வியூவில் போட்டு, எண்களை மாற்றி டைப் செய்துவிடுவோம். இந்த முறை கிளையன்ட் டேக்கும் (பிளானில் ஒவ்வொரு ஃபிக்ஸ்சருக்கும் போடும் குறிச்சீட்டு) ஷெட்யூலும் மாடலிலிருந்தே வர வேண்டும் என்று எழுதிவிட்டார். பொறுப்பு என் தலையில்.

ஜெனரிக் டேக் டெம்ப்ளேட்டைத் திறந்து, கேட்டகரியை பிளம்பிங் ஃபிக்ஸ்சர் டேக் என்று மாற்றி, அறுகோணம் வரைந்து, மேலே குறி, கீழே குளிர்நீர்க் குழாயின் அளவு என்று இரண்டு லேபிள் வைத்தேன். பிளானில் போட்டால் மேலே டபிள்யூசி-1 (டபிள்யூசி என்றால் கழிப்பறைக் கோப்பை) சரியாக வருகிறது, கீழே வெறும் கேள்விக்குறி. ஷெட்யூலுக்குப் போனால் ஃபீல்டு பட்டியலில் குளிர்நீர் அளவு என்ற பெயரே இரண்டு முறை இருக்கிறது. ஒன்றைச் சேர்த்தால் வாஷ்பேசினுக்கு மதிப்பு வருகிறது, டபிள்யூசிக்கு வரவில்லை. இன்னொன்றைச் சேர்த்தால் நேர்மாறு. இதெல்லாம் போதாதென்று, பள்ளியில் இருப்பது 38 டபிள்யூசி, ஷெட்யூல் 76 காட்டுகிறது. கையால் எண்ணிப் பார்த்துவிட்டேன், 38தான். மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பழைய_டிராஃப்டர் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்தக் குளிர்நீர் அளவு பாராமீட்டரை (மதிப்பு வைக்கும் புலத்தை) எங்கே உருவாக்கினீர்கள்? எல்லாரும் பகிரும் ஒரே ஷேர்டு பாராமீட்டர் கோப்பிலிருந்து எல்லா ஃபேமிலிக்கும் (ஒவ்வொரு பொருளின் மாடல் கோப்புக்கும்) எடுத்தீர்களா, இல்லை ஒவ்வொரு ஃபேமிலியிலும் அதே பெயரில் தனித்தனியாக அடித்தீர்களா?

பீளமேட்டு_மாடலர் எழுதியது:

வாஷ்பேசின் ஃபேமிலி நான் செய்தது, அலுவலகத்தின் ஷேர்டு பாராமீட்டர் கோப்பிலிருந்து எடுத்தேன். டபிள்யூசி ஃபேமிலி வேறொரு நண்பர் செய்தது. அவருக்கு சர்வரில் அந்தக் கோப்பு திறக்கவில்லை என்று, தன் கணினியிலேயே புதிய கோப்பு ஒன்று உருவாக்கி அதே பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்திருக்கிறார். டேக் லேபிளுக்கு நான் எடுத்தது அலுவலகக் கோப்பிலிருந்து.

பழைய_டிராஃப்டர் எழுதியது:

அதுதான் நோய். கேள்விக்குறியும் இரட்டைப் பெயரும் அந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

ரெவிட் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒரு ஷேர்டு பாராமீட்டரை உருவாக்கும் அந்த நொடியில் அதற்கு ஜியூஐடி என்று ஒரு நீண்ட அடையாள எண் விழுகிறது, மென்பொருளுக்கு அது மட்டும்தான் ஆள். ஒரே ஊரில் இரண்டு முருகேசன் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், தபால்காரர் கதவு எண்ணைத்தான் பார்ப்பார். உங்கள் டேக் ஒரு முருகேசனைத் தேடுகிறது, டபிள்யூசிக்குள் இருப்பது இன்னொருவர். அதனால் கேள்விக்குறி. ஷெட்யூல் இருவரையும் தனித்தனி ஃபீல்டாகக் காட்டுகிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் மனதில் பதியட்டும், ஏனென்றால் அடுத்து எல்லாரும் இதில்தான் இடறுவார்கள். ஃபேமிலிக்குள் மட்டும் உருவாக்கிய சாதாரண பாராமீட்டர் டேக்கிலும் வராது, ஷெட்யூலிலும் வராது. புராஜெக்ட் பாராமீட்டர் என்று உருவாக்கினால் ஷெட்யூலில் வரும், டேக்கில் வராது. இரண்டிலும் வர வேண்டுமென்றால் ஷேர்டு பாராமீட்டர்தான் வழி. டேக்கும் ஷெட்யூலும் தாமாக எதையும் வைத்திருப்பதில்லை. இரண்டு ஜன்னல், உள்ளே இருக்கும் பொருள் ஒன்று.

சரிசெய்யும் முறை சொல்கிறேன், வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் இப்போதைய ஷெட்யூலை டெக்ஸ்ட் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பாராமீட்டரை மாற்றியதும் புராஜெக்டில் நீங்கள் நிரப்பிய பழைய மதிப்புகள் அந்தப் பழைய ஜியூஐடியோடு போய்விடும், திரும்ப நிரப்ப ஒரு பிரதி கையில் வேண்டும். அப்புறம் டபிள்யூசி ஃபேமிலியைத் திறந்து, ஃபேமிலி டைப்ஸ் பெட்டியில் அந்தப் பாராமீட்டரை எடிட் செய்து, ஷேர்டு என்பதிலிருந்து ஃபேமிலி பாராமீட்டர் என்று மாற்றி ஒரு தற்காலிகப் பெயர் கொடுங்கள். மறுபடி அதையே எடிட் செய்து ஷேர்டு என்று மாற்றி, இந்த முறை அலுவலகக் கோப்பிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஃபேமிலிக்குள் இருக்கும் ஃபார்முலாவும் கனெக்டர் (குழாய் வந்து சேரும் இடம்) இணைப்பும் இப்படிச் செய்தால் அறுந்து போகாது. நேராக அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் எல்லாவற்றையும் மீண்டும் கட்ட வேண்டும். கடைசியாக, புராஜெக்ட் பாராமீட்டர் பட்டியலில் பழையது இருந்தால் நீக்கிவிடுங்கள்.

சிங்கை_எம்இபி எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. அந்த ஷேர்டு பாராமீட்டர் கோப்பு ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான் என்று நோட்பேடில் திறந்து கை வைக்காதீர்கள், யாரையும் வைக்க விடாதீர்கள். கோப்பு தொலைந்துவிட்டாலும் புதிதாக அதே பெயரில் அடிக்கக் கூடாது. ஏற்கெனவே அந்தப் பாராமீட்டர் இருக்கும் ஏதாவது ஒரு ஃபேமிலியைத் திறந்து, பாராமீட்டர் ப்ராப்பர்டீஸ் பெட்டியில் எக்ஸ்போர்ட் என்ற பொத்தானை அழுத்தினால் அதே ஜியூஐடியோடு உங்கள் கோப்பில் வந்து உட்கார்ந்துவிடும். இது தெரியாமல் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மருத்துவமனை வேலையின் பாதி ஃபேமிலிகளைத் திரும்பச் செய்தோம். நான்கு பேர், இரண்டு வாரம். இன்னும் வலிக்கிறது.

பீளமேட்டு_மாடலர் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. ஃபேமிலியை மாற்றி லோட் செய்ததும் இரட்டைப் பெயர் போய்விட்டது, டேக்கில் ஒரு இஞ்ச் என்று அழகாக வருகிறது. ஆனால் 76 அப்படியே இருக்கிறது.

குழாய்_பொறியாளர் எழுதியது:

தம்பி, டபிள்யூசி ஃபிளஷ் வால்வ் வகையா (தொட்டி இல்லாமல் குழாயிலிருந்தே நேராக அடிப்பது)? அந்த ஃபேமிலிக்குள் ஃபிளஷ் வால்வ் தனி ஃபேமிலியாக நெஸ்ட் ஆகி (உள்ளே பொதிந்து) இருக்கிறதா என்று பாருங்கள்.

பீளமேட்டு_மாடலர் எழுதியது:

ஆமாம் அக்கா, வால்வ் உள்ளே தனி ஃபேமிலி. அதுவும் பிளம்பிங் ஃபிக்ஸ்சர் கேட்டகரிதான்.

குழாய்_பொறியாளர் எழுதியது:

அப்படியென்றால் அந்த வால்வ் ஃபேமிலியில் ஷேர்டு என்ற பெட்டி டிக் ஆகி இருக்கும். இது ஷேர்டு பாராமீட்டர் அல்ல, வேறு விஷயம், பெயர்தான் ஒன்று. அந்த டிக் இருந்தால் உள்ளே இருக்கும் ஃபேமிலி ஷெட்யூலில் தனி ஆளாக எண்ணப்படும், தனியாக டேக்கும் போடலாம். 38 டபிள்யூசி, 38 வால்வ், மொத்தம் 76.

டிக்கை எடுத்துவிட்டால் எண்ணிக்கை சரியாகும். ஆனால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். குளிர்நீர்க் கனெக்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நெஸ்ட் ஆன ஃபேமிலிக்குள் இருக்கும் கனெக்டர், அந்த ஃபேமிலி ஷேர்டாக இருந்தால்தான் புராஜெக்டில் தெரியும். கனெக்டர் வால்வுக்குள் இருந்து நீங்கள் டிக்கை எடுத்தால், எண்ணிக்கை 38 ஆகிவிடும், கூடவே 38 டபிள்யூசியும் தண்ணீர்க் குழாயிலிருந்து கழன்றுவிடும். பிளானில் குழாய் தொட்டுக்கொண்டு இருப்பது போலத்தான் தெரியும், எது எந்தக் குழாய் அமைப்பில் இருக்கிறது என்று காட்டும் சிஸ்டம் பிரவுசரைத் திறந்தால்தான் தெரியவரும்.

வழி இரண்டு உண்டு. வெளி ஃபேமிலியில் அதே இடத்தில் ஒரு கனெக்டர் வைத்துவிட்டு டிக்கை எடுப்பது ஒன்று. இல்லையென்றால் டிக் அப்படியே இருக்கட்டும், வால்வுக்கு எஃப்வி-1 என்று டைப் மார்க் (அந்த வகை முழுவதற்கும் ஒரே குறி) கொடுத்து, ஷெட்யூல் ஃபில்டரில் எஃப்வி என்று தொடங்குபவை வேண்டாம் என்று சொல்லிவிடுவது. நான் இரண்டாவதைத்தான் செய்வேன், கிளையன்ட் பின்னால் வால்வுகளை மட்டும் தனியாகக் கேட்பார், அப்போது அந்தப் பட்டியல் ஒரு நிமிட வேலை.

பழைய_டிராஃப்டர் எழுதியது:

மேடம் சொன்ன கனெக்டர் விஷயம் தங்கம். நானே இதை இப்படி யோசித்ததில்லை.

தம்பி, டைப் மார்க்கா மார்க்கா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மார்க் என்பது ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் (மாடலில் வைத்த ஒவ்வொன்றுக்கும்) தனி, இரண்டுக்கு ஒரே மார்க் கொடுத்தால் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். டபிள்யூசி-1 என்று 38க்கும் ஒரே பெயர் வேண்டுமென்றால் டைப் மார்க்தான். குழாய் அளவுகளும் டைப் பாராமீட்டராகவே இருக்கட்டும். இன்ஸ்டன்ஸாக வைத்துவிட்டால் யாரோ ஒருவர் ஒரு வாஷ்பேசினில் மட்டும் மாற்றிவிடுவார், டைப் வாரியாகத் தொகுத்த ஷெட்யூலில் அந்தக் கட்டம் காலியாகவோ, வேரீஸ் என்றோ நிற்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான டபிள்யூசி தனி டைப், டபிள்யூசி-2. அங்கே சீட்டின் உயரம் 17 முதல் 19 இஞ்சுக்குள் இருக்க வேண்டும் என்று ஏடிஏ (மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம்) சொல்கிறது, அதையும் ரிமார்க்ஸில் போடுங்கள்.

தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், விவரம், இந்த மூன்றுக்கும் புதிய பாராமீட்டர் உருவாக்க வேண்டாம். மேனுஃபாக்சரர், மாடல், டிஸ்கிரிப்ஷன் என்று மென்பொருளிலேயே இருக்கிறது, டேக்கிலும் வரும், ஷெட்யூலிலும் வரும். இதற்குக்கூட ஷேர்டு பாராமீட்டர் அடித்துக் குவித்து வைத்திருக்கும் டெம்ப்ளேட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

மதுரை_பிம் எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு பாடு எதற்கு? அளவுகளை வெறும் டெக்ஸ்ட் பாராமீட்டராக வைத்து ஷெட்யூலில் நேராக அடித்துவிட்டால் முடிந்தது. ஒன்றேகால் இஞ்ச் என்றால் ஒன்றேகால் என்று வரும், சூடுநீர் இல்லாத இடத்தில் ஒரு கோடு போடலாம். நாங்கள் ஐந்து வருடமாக இப்படித்தான் கொடுக்கிறோம், யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

குழாய்_பொறியாளர் எழுதியது:

இதில் நான் உடன்படவே மாட்டேன், காரணத்தைச் சொல்கிறேன்.

டெக்ஸ்ட் பாராமீட்டரால் கனெக்டரின் விட்டத்தை நடத்த முடியாது. ஷெட்யூலில் நீங்கள் ஒரு இஞ்ச் என்று அடிப்பீர்கள், ஃபேமிலிக்குள் கனெக்டர் அரை இஞ்சில் இருக்கும், அதிலிருந்து கிளம்பும் குழாயும் அரை இஞ்சாக வரும். தாளில் ஒன்று, மாடலில் ஒன்று. ஃபிளஷ் வால்வ் டபிள்யூசிக்கு ஐபிசி கேட்கும் குறைந்தபட்ச சப்ளை ஒரு இஞ்ச், அதுவே டேங்க் வகை என்றால் முக்காலில் பாதி, அதாவது 3/8 இஞ்ச் போதும். யூரினல் ஃபிளஷ் வால்வுக்கு முக்கால். இந்த வித்தியாசத்தில்தான் வால்வ் ஒழுங்காக அடிக்குமா அடிக்காதா என்பது இருக்கிறது. பாராமீட்டரை பைப் சைஸ் வகையாக உருவாக்கி, கனெக்டரின் விட்டத்தை அதோடு இணைத்துவிட்டால் ஷெட்யூல் காட்டும் எண்ணும் குழாய் கிளம்பும் எண்ணும் ஒன்றே. யாராவது தவறாக மாற்றினால் பிளானிலேயே தெரியும்.

எனக்கு இது சொந்த அனுபவம். ஒரு வேலையில் ஷெட்யூல் ஒரு அளவைச் சொன்னது, ஐசோமெட்ரிக் (குழாய்களின் முப்பரிமாண வரைபடம்) வேறு அளவைச் சொன்னது, சைட்டில் ஐசோமெட்ரிக்கைப் பார்த்துப் போட்டார்கள். டைல்ஸ் ஒட்டிய சுவரை உடைத்துத்தான் மாற்றினார்கள். அந்த ஷெட்யூலில் இருந்தது என் கையெழுத்து. அதற்குப் பிறகு நான் டெக்ஸ்டில் அளவு அடித்ததே இல்லை.

ஃபிக்ஸ்சர் யூனிட்டும் (ஒவ்வொரு ஃபிக்ஸ்சரின் நீர்த் தேவையைக் குறிக்கும் எண்) அப்படித்தான். ராய் ஹன்டர் 1940இல் கொடுத்த முறை இது, எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது என்ற நிகழ்தகவை வைத்துக் கட்டியது. அதனால் அந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டக் கூடாது. ஐபிசி அட்டவணையில் பொது இடத்து வாஷ்பேசினுக்குக் குளிர்நீர் 1.5, சூடுநீர் 1.5, ஆனால் மொத்தம் 2. மூன்று அல்ல. ஷெட்யூலில் கால்குலேட்டட் வேல்யூ போட்டு இரண்டையும் கூட்டி மொத்தம் என்று தலைப்பு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. மொத்தத்துக்குத் தனி பாராமீட்டர் வையுங்கள். குளிர்நீர், சூடுநீர் யூனிட்டுகளை அந்தந்தக் கனெக்டரோடு இணையுங்கள். சிஸ்டம் டைப்பில் ஃப்ளோ கன்வெர்ஷன் என்ற இடத்தில் ஃபிளஷ் வால்வ்கள் அதிகம் என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், உங்கள் பள்ளி அந்த வகை. டேங்க் என்று விட்டுவிட்டால் மெயின் குழாயில் ஓட்டம் குறைவாகக் காட்டும்.

மதுரை_பிம் எழுதியது:

கனெக்டர் இணைப்பு பற்றி நீங்கள் சொல்வது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பைப் சைஸ் பாராமீட்டர் வைத்தால் சூடுநீர் இல்லாத யூரினலுக்கு 0 என்று வருமே? ஷெட்யூல் முழுக்க பூஜ்ஜியம் என்றால் பார்க்க நன்றாக இருக்காது, செக்கரும் கேட்பார். அதனால்தான் நாங்கள் டெக்ஸ்டுக்குப் போனோம்.

சிங்கை_எம்இபி எழுதியது:

அதற்கு வழி இருக்கிறது. சூடுநீர்க் கனெக்டரே இல்லாத ஃபேமிலியில் அந்த அளவுப் பாராமீட்டரைச் சேர்க்காமல் விட்டுவிட்டால் கட்டம் காலியாக வரும், பூஜ்ஜியம் வராது. கோடுதான் வேண்டும் என்றால், காட்டுவதற்கு மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஷேர்டு பாராமீட்டர் வைத்து, அதை அளவிலிருந்து ஃபார்முலாவால் நிரப்புங்கள். ரெவிட் எண்ணை எழுத்தாக மாற்றித் தராது, ஆனால் இஃப் போட்டு ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைச் சொல்லலாம். புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்:

இஃப்(சூடு_அளவு < 0.1", "-", இஃப்(சூடு_அளவு < 0.6", "½", "¾"))

சமம் என்று ஒப்பிடுவதைவிடக் குறைவு என்று ஒப்பிடுவது பாதுகாப்பு. ஃபார்முலாவில் வரும் கட்டத்தை ஷெட்யூலில் யாராலும் கையால் மாற்ற முடியாது, இதுவும் எனக்குப் பிடித்த காரணம். ஷெட்யூலில் ஒரு கட்டத்தை மாற்றினால் மாடலில் அந்த டைப் முழுவதும் மாறுகிறது என்பதைப் புதிதாக வருபவர்கள் உணர்வதில்லை, ஏதோ எக்செல் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள்.

பீளமேட்டு_மாடலர் எழுதியது:

எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, எல்ஏவி-10 என்ற வாஷ்பேசின் டேக் மட்டும் அறுகோணத்துக்குள் இரண்டு வரியாக உடைகிறது, எல்ஏவி-1 சரியாக இருக்கிறது. இரண்டு, ஆர்க்கிடெக்ட் மாடலில் ஏற்கெனவே எல்லா ஃபிக்ஸ்சரும் இருக்கின்றன. லிங்கில் (என் மாடலோடு இணைத்திருக்கும் அவர்கள் மாடலில்) இருப்பதற்கே டேக் போட முடிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பழைய_டிராஃப்டர் எழுதியது:

லேபிள் பெட்டியின் அகலம் போதவில்லை. டேக் ஃபேமிலியைத் திறந்து, லேபிளைப் பிடித்து நீல வட்டத்தை இழுத்து அகலப்படுத்துங்கள். சாம்பிள் வேல்யூவில் பி1 என்று இருந்தால் அது அடங்குவது போலத் தெரியும், அதனால் ஏமாறுவோம். உங்கள் வேலையில் வரக்கூடிய மிக நீளமான குறியை அங்கே அடித்துப் பாருங்கள். ரொட்டேட் வித் காம்பொனென்ட் என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கச் சுவரில் இருக்கும் யூரினல்களுக்கு டேக் படுத்துக்கொள்ளும்.

லிங்க் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. டேக் போட முடியும், ஷெட்யூலிலும் லிங்கில் உள்ளவற்றைச் சேர் என்று டிக் செய்தால் வரும். ஆனால் மதிப்புகள் அவர்களுடையவை, நீங்கள் மாற்ற முடியாது, உங்கள் ஷேர்டு பாராமீட்டர் அவர்கள் ஃபேமிலியில் இருக்கவும் இருக்காது. அவர்கள் ஒரு வாஷ்பேசினை அழித்துவிட்டு அதே இடத்தில் வேறொன்று வைத்தால் உங்கள் டேக் அநாதையாகிவிடும். பெரும்பாலும் அவற்றில் கனெக்டரும் இருக்காது. காப்பி மானிட்டர் செய்து உங்கள் ஃபேமிலியைக் கொண்டு வாருங்கள், அவர்கள் நகர்த்தினால் உங்களுக்குத் தகவலும் வரும்.

குழாய்_பொறியாளர் எழுதியது:

இதை ஆமோதிக்கிறேன். காப்பி மானிட்டர் செட்டிங்கில் அவர்களுடைய எந்த டைப்புக்கு உங்களுடைய எது என்று ஜோடி சேர்க்கும் இடம் உண்டு. அரை மணி நேரம் ஆகும், பொறுமையாகச் செய்யுங்கள்.

மதுரை_பிம் எழுதியது:

பிளானில் வைக்காத ஃபிக்ஸ்சரும் ஷெட்யூலில் வர வேண்டும் என்று எங்கள் கிளையன்ட் கேட்பார், உதாரணமாக மொட்டைமாடியில் பின்னால் முடிவு செய்யப்போகும் ஹோஸ் பிப் (ஹோஸ் மாட்டும் குழாய்). லோட் மட்டும் செய்த டைப் ஷெட்யூலில் வராதே. நாங்கள் கட்டடத்துக்கு வெளியே தள்ளி ஒன்று வைத்துவிடுவோம்.

சிங்கை_எம்இபி எழுதியது:

எண்ணிக்கை ஃபீல்டு இல்லாத ஷெட்யூல் என்றால் பரவாயில்லை. எண்ணிக்கை இருந்தால் அந்த ஒன்றும் சேர்ந்துவிடும், அதை வாங்கவும் ஆர்டர் போடுவார்கள். நான் வைக்க மாட்டேன், கீழே ஒரு குறிப்பாக எழுதிவிடுவேன்.

மதுரை_பிம் எழுதியது:

எங்கள் ஷெட்யூலில் எண்ணிக்கை கிடையாது, அதனால் எங்களுக்கு இது ஒத்துவருகிறது. டெக்ஸ்ட் அளவை மட்டும் அடுத்த வேலையிலிருந்து மாற்றப் போகிறேன். அந்த இஃப் வரியை எடுத்துக்கொண்டேன்.

பீளமேட்டு_மாடலர் எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். வால்வ் ஃபேமிலியைத் திறந்து பார்த்தால், அக்கா சொன்னது போலவே கனெக்டர் அதற்குள்தான் இருந்தது. டிக்கை எடுக்கவில்லை, எஃப்வி-1 கொடுத்து ஃபில்டர் செய்துவிட்டேன். இப்போது டபிள்யூசி-1 மட்டும் 32, டபிள்யூசி-2 மட்டும் 6, கூட்டினால் 38.

கனெக்டர்களை அளவோடு இணைத்தபோது இன்னொன்று வெளியே வந்தது. யூரினல் ஃபேமிலியில் கனெக்டர் அரை இஞ்சிலேயே கிடந்திருக்கிறது, ஆறு யூரினலுக்கும் அரை இஞ்ச் குழாய்தான் போட்டு வைத்திருந்தேன். முக்கால் என்று மாற்றியதும் ஆறு இடத்திலும் சுவருக்குள் இருக்கும் கிளைக்குழாயோடு சேரும் இடத்தில் ரெடியூசர் (அளவு மாறும் இடத்து இணைப்பு) வந்து நின்றது, அதைப் பார்த்துத்தான் கிளையையும் பெரிதாக்கினேன். பி-601 தாளில் ஷெட்யூலை வைத்து இன்று காலை அனுப்பியாயிற்று. நண்பரின் கணினியில் இருந்த அந்த இரண்டாவது பாராமீட்டர் கோப்பை அவரையே உட்கார வைத்து நீக்கிவிட்டோம், சர்வரில் அவருக்கு அனுமதியும் வாங்கிக் கொடுத்தாயிற்று.